நாக்கு விழுங்கும் எழுத்துகள்

பிழைதிருத்துகிறவர்கள் அதிகம் பயப்படுவது மருத்துவப் புத்தகங்களுக்கு. மருந்தின் அளவில் ஒரு தசமப் புள்ளி இடம் மாறினால் என்ன ஆகும் என்று எல்லாருக்கும் தெரியும். அடுத்தது சட்டப் புத்தகம். என்னைக் கேட்டால் முதலில் பயப்பட வேண்டியது வேறொன்றுக்கு என்பேன்: 32 பக்கம், பக்கமெல்லாம் வண்ணப் படம், படத்துக்குக் கீழே மூன்று நான்கு வரி. குழந்தைகளுக்கான ஆங்கில ‘டங் ட்விஸ்டர்’ புத்தகம்.

சொன்னால் அலுவலகத்தில் சிரிப்பார்கள். மொத்தமே சில நூறு சொல், அதிலும் பாதி திரும்பத் திரும்ப வருகிற சொல், மதியச் சாப்பாட்டுக்கு முன் முடித்துவிடலாம் என்று புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் கை தூக்கி வாங்கிக்கொள்வார்கள். சாயங்காலம் போய்ப் பார்த்தால் பாதிப் புத்தகம் கூடத் தாண்டியிருக்காது. உதடு மட்டும் அசைந்துகொண்டிருக்கும்.

பள்ளிக்கூடத்தில் இதை நாநெகிழ் தொடர், நாப்பிறழ் பயிற்சி என்றெல்லாம் சொல்லிக்கொடுக்கிறார்கள். எங்கள் அறையில் ட்விஸ்டர்தான். இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் விற்கப்போகிற புத்தகம் அம்பத்தூரிலோ கிண்டியிலோ பழைய மகாபலிபுரம் சாலையிலோ ஒரு மாடியில் கோர்க்கப்பட்டு, திருத்தப்பட்டுப் போவது இன்று யாருக்கும் புதுச் செய்தி அல்ல. நான் தொழிலுக்கு வந்தபோது அந்த மாடிகள் இல்லை. திருவல்லிக்கேணியில் ஈய எழுத்து கோர்க்கும் ஓர் அச்சகத்தில் காப்பி ஹோல்டராகச் சேர்ந்தேன். மூலப்படியைக் கையில் வைத்துக்கொண்டு சத்தமாகப் படிக்க வேண்டும். எதிரே உட்கார்ந்திருக்கும் திருத்துநர் புரூஃபில் கண்ணை ஓட்டுவார். ‘கேப்’, ‘காமா’, ‘ஸ்டாப்’, ‘இட்டாலிக்’ எல்லாவற்றையும் சேர்த்தே படிக்க வேண்டும். நாள் முழுக்கப் படித்தால் தொண்டை கட்டிக்கொள்ளும். ஆனால் ஆங்கிலத்தைக் காதால் திருத்தப் பழகியது அங்கேதான். ட்விஸ்டர் புத்தகங்கள் என் மேசைக்கு வந்தபோது அந்தப் பழக்கம்தான் கைகொடுத்தது.

ட்விஸ்டரில் பிழை எங்கே வரும்? நாக்கு எங்கே தடுக்குமோ அங்கே. மற்ற புத்தகங்களில் பிழை எங்கே வேண்டுமானாலும் உட்கார்ந்திருக்கும். தட்டச்சு செய்தவரின் விரல், அவருடைய தூக்கம், மூலப்படியின் கையெழுத்து என்று ஆயிரம் காரணம். ட்விஸ்டரில் அப்படி இல்லை. இவை வாய்வழியாக வந்தவை. யாரோ சொன்னதை யாரோ கேட்டு எழுதியிருப்பார். அதனால் வாய் எந்த எழுத்தை விழுங்குகிறதோ அந்த எழுத்துத்தான் அச்சிலும் காணாமல் போகும்.

கடற்கரையில் சிப்பி விற்கிறாளே ஒரு பெண், அந்த ட்விஸ்டரையே எடுத்துக்கொள்வோம். விற்கிறாள் என்பதற்கு ‘செல்ஸ்’. அடுத்த சொல் ‘சீஷெல்ஸ்’. முதல் சொல்லின் கடைசி எஸ்ஸும் அடுத்த சொல்லின் முதல் எஸ்ஸும் இடிபட்டுக்கொண்டு நிற்கின்றன. வேகமாகச் சொல்லும்போது வாய் இரண்டையும் ஒன்றாக்கிவிடும். கேட்கிறவர் காதுக்கு ஒரு எஸ்தான் வரும், அதையும் அவர் இரண்டாவது சொல்லுக்குக் கொடுத்துவிடுவார். எழுதும்போது ‘ஷீ செல்’ என்று நிற்கும். படர்க்கை ஒருமைக்கு உரிய எஸ் போயே போச்சு. நடைபாதைக் கடையில் விற்கிற ‘முப்பது நாளில் ஆங்கிலம்’ வகைப் புத்தகங்களில் இந்த ‘ஷீ செல்’லை நான் பார்த்திருக்கிறேன். அச்சிட்டவருக்கு இலக்கணம் தெரியாது என்று முடிவுகட்டிவிடலாம்தான். ஆனால் அதே பக்கத்தில் ‘ஷீ ரைட்ஸ்’, ‘ஷீ ரீட்ஸ்’ எல்லாம் ஒழுங்காக இருக்கும். தெரிந்தவருக்கே, அந்த இடத்தில் மட்டும் காது காலை வாரியிருக்கிறது.

சீஷெல்ஸ் ஒரே சொல்லா, இரண்டா, நடுவில் ஹைஃபனா என்பது அடுத்த தலைவலி. எது வேண்டுமானாலும் போடலாம், ஆனால் ‘சீஷோர்’ என்பதையும் அதே மாதிரி போட வேண்டும். ஒன்றைச் சேர்த்தும் மற்றதைப் பிரித்தும் போட்ட பக்கம்தான் பத்தில் எட்டு. சிப்பியைச் சேர்த்துவிட்டுக் கரையைப் பிரிப்பானேன்?

இந்த ட்விஸ்டருக்கு முன்னுரை எழுதுகிறவர்கள் மேரி ஆனிங்கை இழுக்காமல் விடுவதில்லை. டார்செட் மாவட்டத்து லைம் ரெஜிஸ் கடற்கரையில் புதைபடிவங்களைத் தோண்டி விற்றுப் பிழைத்த பெண். 1799இல் பிறந்து 1847இல் இறந்தவர். இக்தியோசர், பிளீசியோசர் எலும்புக்கூடுகளை அறிவியல் உலகத்தின் கண்முன் கொண்டுவந்தவர். அவரைப் பற்றியதுதான் இந்தத் தொடர் என்று அடித்துச் சொல்வார்கள். டெரி சல்லிவன் 1908இல் எழுதிய மேடைப் பாட்டில் இது வருகிறது என்பது வரை சரி. அவர் மேரியை நினைத்து எழுதினார் என்பதற்கு ஆதாரம் என்ன என்று ஓரத்தில் கேள்வி எழுதுவேன். ‘எல்லாப் புத்தகத்திலும் அப்படித்தானே போட்டிருக்கிறது’ என்று பதில் வரும். ‘என்று சொல்வதுண்டு’ என்பதைச் சேர்த்துவிட்டு நகர்ந்துவிடுவேன். இதற்கெல்லாம் மல்லுக்கு நின்றால் புத்தகம் வெளிவராது.

பீட்டர் பைப்பர் ஊறவைத்த மிளகாயைப் பறிக்கிற ட்விஸ்டரில் எஸ்ஸுக்குப் பதில் டி காணாமல் போகும். இவரை அச்சில் நிலைநிறுத்தியது ஜான் ஹாரிஸ் 1813இல் லண்டனில் வெளியிட்ட சிறு புத்தகம். சரியான உச்சரிப்புக்கான நெறிமுறைகள் என்று தலைப்பிலேயே பெருமையடித்துக்கொள்ளும்; அந்தத் தலைப்பும் பி எழுத்தாகவே அடுக்கியது. ஆங்கில அகரவரிசைப்படி எழுத்துக்கு ஒரு ஆள். பீட்டர் அதில் பி-க்கு உரியவர், அவ்வளவுதான். மற்றவர்களை உலகம் மறந்துவிட்டது, இவர் தங்கிவிட்டார். எல்லாருக்கும் ஒரே வார்ப்பு: இன்னார் இன்னது செய்தார், செய்தாரா? செய்தார் என்றால், செய்தது எங்கே?

இந்த வார்ப்பைத் திருத்துநர் கண்ணால் பார்த்தால் அது உச்சரிப்புப் பாடம் மட்டும் இல்லை, இலக்கணப் பாடமும்தான் என்பது தெரியும். முதல் வரியில் பீட்டர் பறித்தார், ‘பிக்ட்’. கேள்வியில் ‘டிட்’ வந்துவிட்டதால் இறந்தகாலத்தை அது எடுத்துக்கொள்கிறது. வினை வெறும் ‘பிக்’ ஆகிவிட வேண்டும். மூன்றாவது வரியில் ‘இஃப்’ போட்டதும் மறுபடி ‘பிக்ட்’. நம் பிள்ளைகள் ‘டிட் யூ வென்ட்’ என்று தடுக்கி விழுகிற அதே இடம். இருநூறு வருஷத்துக்கு முன்னால் லண்டன் குழந்தைகளுக்கும் அந்த இடத்தில்தான் பயிற்சி கொடுத்திருக்கிறார்கள் என்று நினைத்தால் நமக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும். மலிவுப் பதிப்புகளில் இந்த ஏற்ற இறக்கம் தட்டையாகிவிடும். ஒன்று, கேள்வியிலும் ‘டிட்’டோடு ‘பிக்ட்’ நிற்கும். இல்லை, நான்கு வரியிலும் ‘பிக்’தான்.

காரணம் மறுபடி வாய்தான். ‘பிக்ட்’ என்பதை எழுதும்போது முடிவில் ஈ, டி என்று இரண்டு எழுத்து போடுகிறோம். சொல்லும்போது க்-கை ஒட்டி ஒரு சின்ன ட். அடுத்து ‘எ’ வருவதால் அது ‘ட’ ஆகி அதோடு ஒட்டிக்கொள்கிறது. ‘பிக்கிள்டு பெப்பர்ஸ்’ இன்னும் மோசம். ஊறவைத்த என்ற பொருளைத் தருவதே அந்த டி. ஆனால் முன்னால் ல், பின்னால் ப், நடுவில் மாட்டிக்கொண்ட டி நசுங்கிவிடும். ஆங்கிலேயர்களே அதைச் சொல்வதில்லை. இன்று உலகமே ஐஸ்கிரீம் என்று சாப்பிடுவது ஆதியில் ‘ஐஸ்டு கிரீம்’. ‘ஸ்கிம்டு மில்க்’ அமெரிக்காவில் ‘ஸ்கிம் மில்க்’ ஆகிப் பால் டப்பாவிலேயே அச்சேறிவிட்டது. நாக்கு விழுங்கியதை அகராதி பின்னாலேயே வந்து ஒப்புக்கொண்டிருக்கிறது. அதனால் ‘பிக்கிள் பெப்பர்ஸ்’ என்று எழுதினவரை நான் திட்டுவதில்லை. இன்னும் நூறு வருஷம் கழித்து அது சரியாகவும் இருக்கலாம். இன்றைக்குத் தவறு, ஒரு டி சேர்த்துவிடுவேன்.

ஊறுகாயை யாராவது செடியிலிருந்து பறிப்பார்களா என்று ஒரு பெண் ஓரக்குறிப்பு எழுதியிருந்தாள். நல்ல கேள்வி. பறித்த பிறகுதானே ஊறவைக்க முடியும்? ஆனால் பீட்டர் இத்தனை காலமாக ஊறுகாயைத்தான் பறித்துக்கொண்டிருக்கிறார், அவர் போக்கில் விட்டுவிடு என்றேன். அதே புத்தகத்துக்குப் படம் வரைந்தவர் ‘பெக்’ என்ற சொல்லைப் பார்த்துவிட்டு, மிளகாயைக் கொத்துகிற ஒரு பச்சைக்கிளியை அழகாக வரைந்து அனுப்பியிருந்தார். பெக் என்பது நம் மரக்கால் மாதிரி ஒரு முகத்தலளவை. இங்கிலாந்துக் கணக்கில் 2 காலன், ஏறக்குறைய 9 லிட்டர். கிளியை எடுத்துவிட்டுக் கூடை வரையச் சொன்னோம். கிளிதான் நன்றாக இருந்தது.

காதால் திருத்தலாம் என்று சொன்னேன். காது கைவிடுகிற ட்விஸ்டர்களும் உண்டு. இரண்டு பந்தயக் குதிரைகளுக்கு ‘ஒன்-ஒன்’, ‘டூ-டூ’ என்று பெயர் வைத்து, அது ஒரு பந்தயம் ஜெயித்தது, இதுவும் ஒன்று ஜெயித்தது என்று போகும். ஒன்று என்பதும் வென்றது என்பதும் ஆங்கிலத்தில் ஒரே சத்தம். இரண்டு, கூட என்பவையும் அப்படியே. திருவல்லிக்கேணியில் எனக்கு எதிரே உட்கார்ந்த பெரியவரிடம் இப்படி ஒன்றை நான் மடமடவென்று வாசித்தபோது பேனாவைக் கீழே வைத்துவிட்டார். ‘ஏம்மா, நீ வாசிக்கிறதை வச்சு நான் எதைப் பார்க்கறது? சத்தத்தைப் படிக்காதே, எழுத்தைப் படி’ என்றார். அதற்கப்புறம் அந்த வரி முழுவதையும் இப்படித்தான் படித்தோம்: கேப் ஓ, என், ஈ, ஹைஃபன், ஓ, என், ஈ, டபிள்யூ, ஓ, என், ஓ, என், ஈ. அவர் ஒவ்வொரு எழுத்துக்கும் பேனா முனையால் ஒரு புள்ளி தொட்டுக்கொண்டே வருவார். டூ வந்தால் நிறுத்தி, ‘எந்த டூ?’ என்பார். டி, டபிள்யூ, ஓ என்பேன். ‘எத்தனை ஓ?’ ஒன்று சார். புள்ளி. நாலே வரிக்குக் கால் மணி நேரம். கோர்க்கிறவர்கள் வேலையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள்.

மரத்தை எறிகிற ‘வுட்சக்’ என்ற பிராணியைப் பற்றிய ட்விஸ்டரும் இதே ரகம். மரத்துக்கும் ‘வுட்’, எறியுமா என்று கேட்கிற துணைவினையும் ‘வுட்’. ஒன்றில் இரண்டு ஓ, மற்றதில் ஓ, யு, எல். இடம் மாறி நின்றாலும் வேர்டு மென்பொருளின் சிவப்புக்கோடு அநேகமாக வராது, இரண்டுமே அகராதியில் இருக்கிற சொல். துணைவினை இருக்க வேண்டிய இடத்தில் மரம் நட்டுவைத்த பக்கங்களைப் பார்த்திருக்கிறேன். வாய்விட்டுப் படித்தாலோ எல்லாமே சரியாக இருக்கும். இது போதாதென்று ‘குட்’ இருக்க வேண்டிய இடத்தில் ‘கேன்’ போட்டுவிடுவார்கள். எறிய முடிந்தால் எவ்வளவு எறியும் என்பது கற்பனைக் கேள்வி. வுட்சக் மரத்தை எறிவதில்லை. அதனால்தான் ‘வுட்’டும் ‘குட்’டும் ஜோடியாக வருகின்றன. ‘கேன்’ போட்டால் இலக்கணமும் கெடும், எதுகையும் போகும். 1903 வாக்கில் நியூயார்க் மேடையில் பாடப்பட்ட பாட்டு இது. ராபர்ட் ஹோபர்ட் டேவிஸ் சொல், தியோடர் மோர்ஸ் இசை. 1988இல் நியூயார்க் மாநில வனவிலங்குத் துறைக்காரர் ஒருவர், அந்தப் பிராணி வளை தோண்டும்போது வெளியே தள்ளும் மண்ணை வைத்துக் கணக்குப்போட்டு, மரமாக இருந்தால் 700 பவுண்டு தள்ளும் என்றார். கிலோவில் 320க்குக் கொஞ்சம் குறைவு. கற்பனைக் கேள்விக்கு அரசாங்கப் பதில்.

வுட்சக்கில் இன்னொரு ஆபத்து கண்ணுடையது. ஒரே சொல் பக்கத்தில் பலமுறை வருவதால், கோர்க்கிறவர் ஒரு வுட்சக்கில் கண்ணை எடுத்து அடுத்த வுட்சக்கில் வைத்துவிடுவார். நடுவில் அரை வரி போய்விடும். மிச்சமிருப்பது படித்தால் பொருள் தருகிற மாதிரியே இருக்கும். ஏட்டுச்சுவடியைப் பெயர்த்து எழுதினவர்களுக்கும் இதே வழுக்கல்தான். சுவடி ஒப்பிட்டவர்களைக் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள். இப்போது கோர்ப்பவர் போய்க் கணினி வந்திருக்கிறது. கணினி எதிர்ப்பக்கம் வழுக்குகிறது. ஒரு சொல் அடுத்தடுத்து இரண்டு முறை வந்தால் தப்பாக வந்துவிட்டது என்று எண்ணிக்கொண்டு சிவப்புக்கோடு போடும்; ‘இரட்டித்த சொல்லை நீக்கவா’ என்று கேட்கும். டப்பாவில் அடைப்பதையும் முடியும் என்பதையும் டப்பாவையும் ‘கேன்’ என்ற ஒரே சொல்லால் சொல்லும் ட்விஸ்டரில் ‘கேன் கேன்’ என்று வந்தே தீர வேண்டும். அவசரத்தில் ‘நீக்கு’ என்பதை அழுத்தியவர் புண்ணியத்தில் அதில் ஒரு கேன் குறைந்து, மிச்சத்தில் வினையே இல்லாமல் போன வாக்கியம் ஒன்று என்னிடம் இரண்டாம் புரூஃபில் வந்தது. மூலப்படியைத் தேடி எடுத்துப் பார்த்த பிறகுதான் விஷயம் விளங்கியது.

மேற்குறி விஷயத்துக்கு வருகிறேன். அபாஸ்ட்ரஃபி. நோயாளி ஷேக்கையும் அவருடைய ஆறாவது ஆட்டையும் பற்றிய ட்விஸ்டரை ஆங்கிலத்திலேயே மிகக் கடினமானது என்று கின்னஸ் புத்தகம் ஒரு காலத்தில் போட்டிருந்தது. ஏழே சொல். அதில் இரண்டு மேற்குறி. ஷேக்குக்குப் பக்கத்தில் இருப்பது உடைமை: ஷேக்கினுடைய. ஆட்டுக்குப் பக்கத்தில் இருப்பது உடைமை இல்லை. ‘இஸ்’ என்ற வினையின் சுருக்கம். பார்வைக்கு இரண்டும் ஒன்று. இரண்டையும் உடைமை என்று எடுத்துக்கொண்டால் வாக்கியத்தில் வினை இல்லை. வினையைத் தேடுகிற நல்ல மாணவர் என்ன செய்வார்? தானாக ஒரு ‘இஸ்’ சேர்ப்பார். இப்போது ஆட்டுக்குப் பின்னால் மேற்குறியும் இருக்கும், இஸ்ஸும் இருக்கும். இலக்கணத்தைக் காப்பாற்றப் போய் இலக்கணத்தை உடைத்த திருத்தம்.

இன்னொரு கூட்டம் மேற்குறியை எடுத்துவிட்டு ‘இஸ்’ என்று விரித்து எழுதும். குழந்தைகள் புத்தகத்தில் சுருக்கவடிவம் கூடாது என்று சில பதிப்பகங்கள் விதியே வைத்திருக்கின்றன. இலக்கணப்படி குற்றம் சொல்ல முடியாது. ஆனால் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். மேற்குறியோடு இருந்தால் ப், ஸ், அடுத்த சொல்லின் ஸ் மூன்றும் மோதும். விரித்துவிட்டால் நடுவில் ஒரு ‘இ’ நுழைகிறது. அந்த உயிரெழுத்தில் நாக்கு உட்கார்ந்து இளைப்பாறிவிடும். முடிச்சு அவிழ்ந்தாயிற்று. விதியைக் காட்டி விரிக்கச் சொன்ன ஒரு பதிப்பாசிரியருக்கு, இரண்டு வடிவத்தையும் வேகமாக ஐந்து முறை சொல்லிவிட்டு முடிவெடுங்கள் என்று எழுதினேன். சுருக்கவடிவமே இருக்கட்டும் என்று மறுநாள் பதில் வந்தது.

அதே தொடரில் ஷேக் என்ற பெயருக்கு எழுத்துக்கூட்டல் என்ன? கடைசியில் எச் போடுவதா, விடுவதா? பிரிட்டிஷ் பதிப்பகங்கள் எச்சோடுதான் கேட்கும். கேட்கட்டும், ஆனால் பிரிட்டிஷ்காரர் அதைப் பெரும்பாலும் நம்மைப் போலவே ‘ஷேக்’ என்பார். ட்விஸ்டருக்கு வேண்டியது அமெரிக்க ‘ஷீக்’. ஷீக், ஷீப், சிக் என்று மூன்றும் ஒன்றுக்கொன்று அடுத்த வீடாக இருந்தால்தான் நாக்கு வீடு மாறிப் போகும். ஷேக் என்று சொல்கிற பிள்ளை சுலபமாகத் தப்பித்துவிடும். அதனால் அந்தப் பக்கத்துக்கு மட்டும் எச் வேண்டாம் என்று ஸ்டைல் ஷீட்டில் ஒரு விலக்கு எழுதி வைத்திருக்கிறேன். ஆறாவது என்பதற்கான ‘சிக்ஸ்த்’தையும் சொல்ல வேண்டும். அதைத் தமிழில் எழுதிக் காட்டவே மெய்யெழுத்தை மூட்டையாகக் கட்ட வேண்டியிருக்கிறது, சொல்லவா முடியும்? பாதிப் புத்தகங்களில் அது ‘சிக்ஸ்’ ஆகி, ஆறாவது ஷேக் ஆறு ஷேக்குகளாகப் பெருகி, பன்மைக்கு எஸ் இல்லாமல் நிற்பார்.

இதுவரை சொன்னது திருத்த வேண்டிய பிழைகள். திருத்தவே கூடாத பிழைகளும் உண்டு. அங்கேதான் இளையவர்களோடு எனக்குச் சண்டை.

மோசஸ் என்பவரின் கால்விரல்களைப் பற்றிய ட்விஸ்டர் ஒன்று. 1952இல் வந்த ‘சிங்கிங் இன் த ரெயின்’ படத்தில் உச்சரிப்பு ஆசிரியரைக் கேலி செய்ய அதைப் பாட்டாகவே ஆக்கியிருப்பார்கள். விரல்களுக்கு அதில் வருகிற சொல் ‘டோஸஸ்’. ஆங்கிலத்தில் அப்படி ஒரு பன்மை கிடையாது. ‘டோஸ்’ என்பதே பன்மை. அதற்கு மேல் இன்னொரு பன்மை. மோசஸ், ரோஸஸ் என்பவற்றோடு இசைய வேண்டும் என்பதற்காகவே செய்த குறும்பு. வேர்டு கோடு போடும். புதுப் பையன் கோட்டை நம்பி ‘டோஸ்’ ஆக்குவான். நான் அடியில் புள்ளி வரிசை வைத்து ஓரத்தில் ‘ஸ்டெட்’ எழுதுவேன். அடித்ததை விட்டுவிடு, இருந்தபடி இருக்கட்டும் என்பதற்கு எங்கள் குறி அது. ட்விஸ்டர் புத்தகத்தில் நான் வைக்கிற ஸ்டெட் புள்ளிகள் மற்ற எந்தப் புத்தகத்தையும் விட அதிகம்.

பெரிய சண்டை வந்தது எம்.ஐ.டி. ட்விஸ்டருக்கு. ஸ்டெஃபனி ஷட்டக்-ஹஃப்னகல் என்ற பேச்சொலி ஆய்வாளரும் சக ஆய்வாளர்களும் உருவாக்கி, 2013 டிசம்பரில் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த ஒலியியல் சங்கக் கூட்டத்தில் முன்வைத்தது. கின்னஸ் ஆட்டை அது ஓரங்கட்டிவிட்டது என்று பத்திரிகைகள் எழுதின. பேட், கிட், பிறகு ஊற்றிய தயிர், இழுத்த காட் மீன் என்று ஓரசைச் சொற்களாக அடுக்கியிருக்கும். ‘அக்கா, இது வாக்கியமே இல்லையே’ என்றாள் என் பக்கத்தில் இருந்த பெண். அவள் சொன்னது நியாயம். பேட் கிட் என்றால் என்ன பையன்? ஊற்றியதற்கும் இழுத்ததற்கும் நடுவில் ‘அண்ட்’ எங்கே? பெயருக்கு முன்னால் ‘த’ எங்கே? அவள் ஒரு ‘த’வும் ஒரு ‘அண்ட்’டும் போட்டு, ஒழுங்கான வாக்கியமாக்கி என்னிடம் நீட்டினாள்.

சொல்லிப் பார் என்றேன். தடங்கல் இல்லாமல் சொல்லிவிட்டாள். மூலத்தைச் சொல்லிப் பார் என்றேன். மூன்றாவது சுற்றில் தயிரும் மீனும் கலந்துவிட்டன. காரணம் ஒன்றும் மந்திரம் இல்லை. ‘த’, ‘அண்ட்’, ‘எ’ போன்ற இலக்கணச் சொற்கள் ஆங்கிலத்தில் அழுத்தம் இல்லாதவை. அழுத்தமான சொல்லுக்கும் அழுத்தமான சொல்லுக்கும் நடுவே அவை வந்தால் நாக்குக்கு அரை நொடி இடைவேளை. இந்த ட்விஸ்டரைச் செய்தவர்கள் அந்த இடைவேளையைத் திட்டம்போட்டு எடுத்திருக்கிறார்கள். ஒவ்வொரு சொல்லும் டியில் முடிந்து, அடுத்தது ப் ஒலியிலோ க் ஒலியிலோ தொடங்குகிறது. உதடு, அடிநாக்கு, நுனிநாக்கு என்று மாறிமாறி ஓட வேண்டும். இதில் இலக்கணத்தை வைத்தால் ட்விஸ்டர் இருக்காது, தயிர்க் கதைதான் இருக்கும். அவள் ஒப்புக்கொள்ளவில்லை. குழந்தைகள் இதைப் பார்த்துத் தப்பான ஆங்கிலம் கற்றுக்கொள்ள மாட்டார்களா என்று கேட்டாள். ட்விஸ்டரில் ஆங்கிலம் கற்றுக்கொள்கிற குழந்தை ஊறுகாயைச் செடியில் பறிக்கலாம் என்றும் கற்றுக்கொள்ளும், அதற்கு என்ன செய்வது என்றேன். கடைசியில் பக்கத்தின் கீழே சின்ன எழுத்தில், இது முழு வாக்கியம் அல்ல, சொல்லடுக்கு என்று ஒரு குறிப்புச் சேர்த்தோம். அது அவள் யோசனை. நல்ல யோசனைதான்.

அமெரிக்கப் பதிப்பாக மாற்றுகிற வேலையை ட்விஸ்டருக்கு மட்டும் கொடுக்கவே கூடாது. ‘கலர்’ என்பதில் யு-வை எடுப்பது, ‘கிரே’யில் ஈ-யை ஏ ஆக்குவது வரை சரி. பிறகு சொற்பட்டியல் ஒன்று தருவார்கள்: லிஃப்ட் வந்தால் எலிவேட்டர், லாரி வந்தால் டிரக், புத்தகம் முழுக்க ஒரே சொடுக்கில் மாற்று. சிவப்பு லாரி, மஞ்சள் லாரி என்று திரும்பத் திரும்பச் சொல்லும் ட்விஸ்டர் பிரிட்டனில் பிறந்தது. அதில் இருக்கிற தொல்லை முழுக்க ஆர், எல் இரண்டும் மாறிமாறி வருவதுதான். லாரியை டிரக் ஆக்கிப் பார்த்தேன். இரண்டு வண்டியும் சிக்னல் விழுந்த அண்ணா சாலையில் போகிற மாதிரி ஜோராகப் போயின. அமெரிக்கக் குழந்தைக்கு லாரி என்றால் தெரியாதே என்று அங்கிருந்து கேட்டார்கள். படத்தில் ஒரு லாரியைப் போடுங்கள், தெரிந்துகொள்ளும் என்றோம்.

சின்னச் சின்னதாக இன்னும் எவ்வளவோ. ‘ஐரிஷ் ரிஸ்ட்வாட்ச்’ உயிரெழுத்தில் தொடங்குவதால் முன்னால் ‘ஆன்’ வர வேண்டும். ‘ஸ்விஸ்’ ஆக்கினால் ‘எ’. பெயரை மாற்றுகிறவர்கள் அந்த எழுத்தை மாற்ற மறந்துவிடுவார்கள். அப்போதுதான் பொரித்த மீனுக்கு ‘ஃப்ரெஷ்லி’யா ‘ஃப்ரெஷ்’ஷா என்று கேட்பார்கள். இலக்கணப்படி பொரித்த என்பதைத் தழுவுவதற்கு எல்-ஒய் வேண்டும். ‘ஃப்ரெஷ்’ என்று விட்டால் பொரித்ததும் புதிது, மீனும் புதிது என்று வேறு பொருள், அதுவும் தவறில்லை. எல்-ஒய் போட்டால் பின்னால் ஹைஃபன் போடாதீர்கள். சிகாகோ கையேடு அதில் கறார். நான் வாயைக் கேட்டு முடிவெடுப்பேன்: எல்-ஒய் இருந்தால் எல்லும் ஆரும் சேர்ந்து தொல்லை கூடுகிறது, ஆகவே இருக்கட்டும்.

இந்தப் பக்கங்களுக்கு நான் வைத்திருக்கிற முறை மூன்று வாசிப்பு. முதல் வாசிப்பு சத்தமில்லாமல், எழுத்தெழுத்தாக, அந்தப் பெரியவர் மாதிரி புள்ளி தொட்டுக்கொண்டு. இரண்டாவது சத்தமாக, முடிந்த வேகத்தில். எங்கே தடுக்கவில்லையோ அங்கே யாரோ ‘திருத்தி’யிருக்கிறார்கள் என்று அர்த்தம், மூலப்படியைப் பார்க்க வேண்டும். மூன்றாவது இன்னொருவர் வாயால். ஒரு சமயம் வேர்டில் இருக்கிற வாசிக்கும் வசதியை மூன்றாவது ஆளாக வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். அது எந்த ட்விஸ்டரிலும் தடுக்காது. விழுந்துபோன எஸ்ஸைச் சில நேரம் காட்டிக்கொடுக்கும், வுட்டையும் வுட்டையும் ஒரே மாதிரி படித்துவிட்டுப் போய்விடும். பக்கத்து மேசைப் பெண்ணைத்தான் கூப்பிட வேண்டியிருக்கிறது. அவளுக்கு அது சிரிப்பாக இருக்கிறது. மேலாளருக்குத்தான் இரண்டு பேர் சேர்ந்து குழந்தைப் புத்தகத்தைப் படித்துக்கொண்டு என்ன செய்கிறார்கள் என்று புரிவதில்லை.

கூலி விஷயம் ஒன்று பாக்கி. பிழைதிருத்தத்துக்குப் பக்கக் கணக்கில்தான் கொடுப்பார்கள், அதுவும் ஒரு பக்கத்துக்கு இத்தனை சொல் என்று வைத்துக்கொண்டு. அந்தக் கணக்கில் ஒரு ட்விஸ்டர் புத்தகம் முழுவதும் மருத்துவப் புத்தகத்தின் இரண்டு மூன்று பக்கத்துக்குச் சமம். மணிக்கணக்கில் கேட்டேன். ஒரு பதிப்பகம் ஒப்புக்கொண்டது. இன்னொன்று, சொற்கள் பெரும்பாலும் திரும்ப வருவதால் தனிச்சொற்களுக்கு மட்டும் கணக்கிடலாமா என்று கேட்டு எழுதியிருக்கிறது. வுட்சக்கை ஒரு தடவைதான் எண்ணுவார்களாம். இன்னும் பதில் போடவில்லை.